மழைக்கு ஒரு சென்ட், கோடைக்குக் கால் சென்ட்

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, சங்கரன்கோவில் ரத வீதிகளில் போட்டிருந்த கடைகளைப் பிரித்தாகிவிட்டது. காற்று மட்டும் இன்னும் ஓயவில்லை. இந்த நேரத்தில், திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது.

"மூன்று வருஷமாக வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுகிறேன். மாசி வரை நன்றாக இருக்கிறது. பங்குனியில் வாடத் தொடங்கி, சித்திரைக்குள் எல்லாம் கருகிவிடுகிறது. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். செடிக்கு ஊற்றினால் வீட்டுக்கு இல்லை என்று தினமும் சண்டை. எங்கள் ஊர், தோட்டத்துக்கு ஆகாத ஊரா? இந்த வருஷம் போடவா, விட்டுவிடவா?"

அம்மா, போடுங்கள். ஆனால் போன வருஷம் போட்ட மாதிரி போடாதீர்கள். உங்கள் கேள்வி உங்களுடையது மட்டும் அல்ல. மேலநீலிதநல்லூர், குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்தில் நான் போகும் ஊர்களில் பாதி வீடுகளில் இதே கதைதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கரிசல் கிராமத்தில் பெண்கள் கூட்டம் போட்டு, வீட்டுத்தோட்ட விதைப் பொட்டலங்களைக் கொடுத்தேன். வெண்டை, கத்தரி, தக்காளி, புடலை, கீரை என்று ஐந்தாறு விதைகள். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் வாங்கிக்கொண்டன. கைதட்டினார்கள், டீ கொடுத்தார்கள். மாதம் பங்குனி. கையில் விதை இருந்தது, கூட்டம் கூடியது, கொடுத்தேன். மாதத்தை நான் யோசிக்கவே இல்லை.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பாட்டி கேட்டார்: "ஏ தம்பி, வெதையக் குடுத்துட்டுப் போறிய. தண்ணிய யாரு குடுப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வைகாசி கடைசியில் திரும்பிப் போனேன். இரண்டே இரண்டு வீட்டில்தான் செடி உயிரோடு இருந்தது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பெரிய விவசாயிகள் இல்லை, கிணறும் இல்லை. ஒரு வீட்டில் அங்கணத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், கட்டில் அகலத்துக்கு மட்டும் பாத்தி பிடித்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் மாட்டுத் தொழுவுக்குக் கிழக்கே, சுவர் நிழலில், நாலே நாலு கத்தரிச் செடி. சுற்றிலும் கடலைத் தோட்டைக் கனமாகப் பரப்பியிருந்தார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் நான் சொன்னபடி ஒரு சென்ட் அளவுக்குக் கொத்திப் போட்டு, ஒரு மாதம் குடம் குடமாகச் சுமந்து, பிறகு கைவிட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நம் வட்டாரத்தில் தோட்டத்தின் அளவை நிலம் தீர்மானிப்பதில்லை, தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அந்தத் தண்ணீரும் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. எனவே தோட்டமும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. மழையோடு விரிய வேண்டும், வெயிலோடு சுருங்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு சென்ட், கோடையில் கால் சென்ட். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் வழி.

குடத்தால் ஒரு கணக்கு

ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 435 சதுர அடி. மீட்டரில் 40 சதுர மீட்டர். நம் கோடை வெயிலில், காய்கறி நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீராவது போகும். அப்படியானால் ஒரு சென்டுக்கு 200 லிட்டர். குடம் ஒன்றுக்கு 12 லிட்டர் என்று வைத்தால், தினமும் 16, 17 குடம். நாலு நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் வீட்டில் இது நடக்கிற காரியமா? வீட்டில் சண்டை வருவது நியாயம்தான்.

கால் சென்ட் என்றால் பத்தடிக்குப் பதினோரு அடி. அதற்கு 50 லிட்டர், அதாவது நாலு குடம். மூடாக்கும் நிழலும் சரியாக இருந்தால் மூன்று குடத்தில் சமாளிக்கலாம். பாத்திரம் கழுவுவது, அரிசி களைவது, குளிப்பது என்று ஒரு சாதாரணக் குடும்பத்தில் தினமும் வெளியே போகிற தண்ணீரே இதைவிட அதிகம். குடிக்கிற தண்ணீரில் கை வைக்காமல் கால் சென்டைக் காப்பாற்றிவிடலாம்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்?

மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஆனி, ஆடியில் மழை கொட்டுகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. அதே மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான். ஈரத்தை மலையிலேயே இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக வருகிறது. சுரண்டை, தேவர்குளம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இந்தக் காற்றே காரணம். காற்றாலைக்கு நல்ல மாதம், செடிக்குக் கெட்ட மாதம். பலர் சித்திரை வெயிலை மட்டும் திட்டுகிறார்கள். சித்திரையில் தப்பித்த செடியை ஆனி, ஆடிக் காற்று உறிஞ்சிக் கொன்றுவிடுவதைக் கவனிப்பதில்லை.

நமக்கு உறுதியான மழை வடகிழக்குப் பருவமழைதான். புரட்டாசிக் கடைசியில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, மார்கழியோடு முடிகிறது. கோடை மழை வந்தால் லாபம்; வராவிட்டால் அதை நம்பி இருக்கக் கூடாது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது உண்மையான பழமொழிதான். ஆனால் அது ஆடியில் ஈரம் கிடைக்கும் ஊருக்கும், கிணறு உள்ளவருக்கும் பொருந்தும். நம் கரிசல் காட்டில் மானாவாரியாக உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் எப்போது விதைக்கிறோம்? புரட்டாசி, ஐப்பசியில். 1901-ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இந்த மானாவாரிப் பட்டத்தை வைத்தே ஆராய்ச்சி செய்து வருகிறது. காட்டில் அப்பனும் பாட்டனும் சரியாகச் செய்வதை, வீட்டுப் புறவாசலில் நாம் தப்பாகச் செய்கிறோம். விதை எப்போது கையில் கிடைக்கிறதோ அப்போது போடுகிறோம்.

உலகத்தில் நம்மைப் போலவே நீண்ட வறண்ட கோடையும், அது முடிந்த பிறகு குளிர்காலத்தில் மழையும் உள்ள இடங்கள் இருக்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துனிசியா எல்லாம் அப்படித்தான். அங்கே தோட்டக்காரர்கள் மரக்கன்றும் செடியும் நடுவது கோடை முடிந்து முதல் மழை விழும்போது. மழைக்காலம் முழுக்க வேர் கீழே இறங்கட்டும், பிறகு வெயில் வரட்டும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. அவர்களுடைய மழைக்காலத்தில் குளிர் கடுமையாக இருக்கும், செடி மெதுவாகத்தான் வளரும். நம் மார்கழியில் கத்தரியும் தக்காளியும் அவரையும் கொண்டாடி வளரும். காய்கறிக்கு இதைவிட நல்ல காலம் வேறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. அவர்களுடைய முறையை எடுத்துக்கொள்ளலாம், செடியை எடுத்துக்கொள்ள வேண்டாம். நர்சரியில் ஆலிவ் கன்று என்று சொல்லி விற்றால் ஏமாறாதீர்கள். ஆலிவ் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். நம் ஊரில் மரம் நிற்கலாம், காய் பார்ப்பது கடினம்.

காற்றைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது

இத்தாலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே பான்டெல்லேரியா என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. எரிமலைக் கல் நிறைந்த ஊர். தண்ணீர் மிகக் குறைவு, காற்று மிக அதிகம். அங்கே ஒரே ஒரு எலுமிச்சை அல்லது ஆரஞ்சு மரத்துக்காக, அதைச் சுற்றி மரத்தின் உயரத்துக்கு வட்டமாகக் கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பார்த்தால் கிணற்றைத் தலைகீழாகத் தரைக்கு மேலே கட்டியது போல இருக்கும். அந்த மக்கள் திராட்சைக் கொடியைக்கூடப் பள்ளம் பறித்து, அதற்குள் தாழ வளர்க்கிறார்கள். அந்த முறையை 2014-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்தது.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது அந்நியமான விஷயமா? நம்மால் கல் சுவர் கட்ட முடியாவிட்டாலும் வேலி கட்ட முடியும்.

தோட்டத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் ஆறடி உயரத்தில் தட்டி கட்டுங்கள். பனையோலை, தென்னங்கீற்று, மக்காச்சோளத் தட்டை எதுவானாலும் சரி. காற்று கொஞ்சம் ஊடுருவிப் போகும்படி இருக்க வேண்டும். முழுக்க அடைத்த சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலி, அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை செடியைக் காக்கும். ஆறடித் தட்டி உங்கள் கால் சென்டுக்குத் தாராளமாகப் போதும்.

தட்டி வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. உயிர்வேலி தானே வளரும். மழைக்கு முன் அகத்தியை இரண்டு வரிசை நெருக்கமாக விதையுங்கள். அடுத்த ஆடிக்குள் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். கீரை வீட்டுக்கு, தழை ஆட்டுக்கு. வெளி வரிசையில் கிளுவைப் போத்தோ நொச்சியோ ஊன்றினால் ஆடு நுழையாது.

நிழலும் அப்படித்தான். காலை வெயில் செடிக்குச் சாப்பாடு. மாலை மூன்று மணி வெயில் சூடு மட்டும். அதனால் கோடைப் பாத்தியை வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் வையுங்கள். இடம் இல்லையா, மேற்கில் ஒரு முருங்கை வையுங்கள். அதன் இலை சல்லடை மாதிரி. வெளிச்சத்தை விடும், சூட்டைக் குறைக்கும்.

மண்ணைப் பார்த்துப் பாத்தி

படத்தில் பார்க்கிற மேட்டுப்பாத்தியை எல்லா ஊரிலும் போடச் சொல்கிறார்கள். செவல் மண்ணில் அது தண்ணீரை வீணாக்கும். மேடு நாலு பக்கமும் காய்ந்துவிடும். செவலில் பாத்தி தரையைவிட அரையடி பள்ளமாக இருக்கட்டும். ஊற்றிய தண்ணீரும் பெய்த மழையும் அங்கேயே நிற்கும்.

கரிசலில் இதை அப்படியே செய்யாதீர்கள். ஐப்பசி மழையில் கரிசல் பள்ளம் குட்டையாகி, வேர் அழுகும். மழைக்காலத்துக்குப் பார் பிடித்து, ஓரத்தில் வடிகால் விடுங்கள். மாசியில் தோட்டத்தைச் சுருக்கும்போது, அந்தக் கால் சென்டில் மட்டும் பாரைத் தட்டிச் சமப்படுத்தி, மூடாக்குப் போடுங்கள். கரிசலில் கோடையில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாக ஆழத்து ஈரமும் ஆவியாகும், சின்ன வேரும் அறுபடும். மூடாக்கு இருந்தால் வெடிப்பு குறையும்.

மூடாக்குக்குக் கையில் இருப்பதே போதும். கரும்புத் தோகை, கடலைத் தோடு, மக்காச்சோளத் தட்டை, வேப்பஞ்சருகு, தென்னை மட்டை. நாலு விரல் கனம் இருக்க வேண்டும். ஒப்புக்குத் தூவினால் பயனில்லை. நனைத்துவிட்டுப் போடுங்கள், காற்று தூக்காது. தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் இடைவெளி விட்டால் கரையானும் அழுகலும் தண்டுக்கு வராது. கரையான் தொல்லை உள்ள இடத்தில் வேப்பம்புண்ணாக்கை அடியில் தூவுங்கள்.

வேர் குடிக்கும் பானை

பூவாளியால் மேலே ஊற்றும் தண்ணீரில் கணிசமான பங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் போகிறது. வேருக்கு மட்டும் கொடுக்க நம்மிடம் மலிவான கருவி உண்டு: மண்பானை. சுட்ட பானையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காயத் தண்ணீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண்மை நூலிலேயே இந்த முறை இருக்கிறது.

எட்டு லிட்டர் பிடிக்கும் பானை ஒன்றைச் சுற்றி நாலு கத்தரி அல்லது மிளகாய் நடலாம். வர்ணம் பூசிய பானை வேண்டாம், துளை அடைபடும். மூன்று நாளைக்கு ஒருமுறை பார்த்து நிரப்புங்கள். கால் சென்டுக்கு ஐந்து பானை போதும். கொசு முட்டை வைக்காதபடி, மூடி இறுக்கமாக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பருவத்தில் கசிவு மந்தமாகும். அப்போது பானையை எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்துத் திரும்பப் புதையுங்கள்.

அங்கணத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சோப்புத்தூள் கலந்த துணித் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். அது முருங்கை, வாழை, தென்னைக்குப் போகட்டும். அரிசி, காய் கழுவிய தண்ணீர் பாத்திக்கு. அங்கணத்திலிருந்து வாய்க்கால் இறங்கும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் வைத்தால் அழுக்கைக் கொஞ்சம் வடிகட்டித் தரும்.

கூரைத் தண்ணீரையும் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 400 சதுர அடி கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். தொட்டி கட்ட வசதி இல்லாவிட்டால், அந்தக் குழாயை முருங்கைக்கும் எலுமிச்சைக்கும் பக்கத்தில் வெட்டிய குழிக்குத் திருப்பிவிடுங்கள். நிலத்துக்குள் இறங்கிய தண்ணீரை மரம் தேடி எடுத்துக்கொள்ளும்.

மாதத்துக்கு மாதம்

ஆவணி: ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மக்கிய குப்பையும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். மாதக் கடைசியில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுப் பாவுங்கள். காற்று படாத மூலையில், தட்டிக்குள் பாவ வேண்டும்.

புரட்டாசி: அகத்தி, முருங்கை விதையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை, ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். எலுமிச்சை, கொய்யா, சீத்தா, நெல்லி, மாதுளை, கறிவேப்பிலைக் கன்றுகளுக்கும் இதுவே காலம். பங்குனியில் நட்ட கன்று ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டால் போய்விடும். புரட்டாசியில் நட்டது, முதல் கோடைக்குள் ஆறு மாத வேரோடு நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை: நாற்றை நடுங்கள். கத்தரிக்கு இரண்டடி இடைவெளி, வெண்டைக்கு ஒன்றரைக்கு ஓரடி. அவரை, தட்டைப்பயறு, கீரைகள். இப்போது ஒரு சென்டையும் நிரப்பலாம். வானமே தண்ணீர் ஊற்றுகிறது.

மார்கழி, தை: அறுவடைக் காலம். மிஞ்சிய தக்காளி, கத்தரி, கொத்தவரை, மிளகாயை வற்றல் போடுங்கள். இதுவும் தோட்ட வேலைதான். கோடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றி எடுப்பதைவிட, தையில் விளைந்ததை வெயிலில் காயவைத்து வைப்பது மலிவு. மிச்ச ஈரத்தில் தைக்குள் கொத்தவரையும் வெள்ளரியும் பூசணியும் ஊன்றிவிடுங்கள்.

மாசி: மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய மாதம். செடி பச்சையாகத்தான் இருக்கும், பிடுங்க மனம் வராது. ஆனால் இங்கேதான் வாசகி ஆண்டுதோறும் தவறுகிறார். முக்கால் பங்குச் செடியை அறுத்து மூடாக்காக்குங்கள். தக்காளியை விட்டுவிடுங்கள், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், தண்ணீர்தான் வீண். நல்ல கத்தரிச் செடிகளை மட்டும் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, எரு வைத்து, பானைத் தண்ணீரில் துளிர்க்க விடுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை: கால் சென்ட் மட்டும். வெட்டிவிட்ட கத்தரி, இரண்டு மிளகாய், கொத்தவரை ஒரு வரிசை, நிழலில் ஒரு சாண் கீரை. வெளியே முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை. கீரை இல்லாத நாளுக்கு முருங்கைக்கீரை இருக்கிறது. தண்ணீர் கேட்காமல் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் கொடுக்கிற மரம் அது. மீதி முக்கால் சென்டைக் கோடை மழை ஈரத்தில் கொத்திப் போட்டால், வெயிலே களையையும் நூற்புழுவையும் குறைக்கும்.

ஆனி, ஆடி: விதைக்காதீர்கள். குப்பை சேருங்கள், தட்டியைச் சரிபாருங்கள். நிலத்துக்கும் ஓய்வு வேண்டும், உங்களுக்கும் வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எந்தக் காய் வரும்? (குருவிகுளம் வாசகர்)

பதில்: முதலில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். பீன்ஸ், வெங்காயம், எலுமிச்சை உப்பைத் தாங்காது. பீட்ரூட், கொத்தவரை ஓரளவு தாங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே படியும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். மழைநீரை வயல் ஓரத்துக்கு விடாமல் பாத்தியில் நிறுத்தினால் உப்பைக் கீழே கழுவிவிடும். மண்ணில் களர் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மட்டும், அவர்கள் சொல்லும் அளவு ஜிப்சம் இடுங்கள்.

கேள்வி: மயில் வந்து முளையைக் கிள்ளிவிடுகிறது. என்ன செய்வது? (மேலநீலிதநல்லூர் வாசகி)

பதில்: மயில் தேசியப் பறவை. விஷம் வைப்பதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். விதைத்த வரிசை மேல் முள் கிளையைக் கவிழ்த்து வையுங்கள். முளை ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்துவிடலாம். சின்னத் தோட்டம் என்பதால் பழைய மீன்வலையை மேலே விரித்துக் கட்டுவதும் எளிது. இதுவும் தோட்டத்தைச் சிறியதாக வைப்பதில் உள்ள ஒரு லாபம்.

கேள்வி: சங்கரன்கோவில் டவுனில், தறி வீட்டு மாடியில் பைகளில் செடி வைத்தேன். எல்லாம் வாடுகிறது. (வாசகர்)

பதில்: தளம் சூடாகி, பைக்குள் வேர் வேகிறது. பையை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். கறுப்புப் பை வேண்டாம், வெள்ளைப் பை போதும். இல்லையென்றால் சாக்கைச் சுற்றுங்கள். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வைக்காமல், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே நிழலில் வையுங்கள். பங்குனி முதல் ஆடி வரை 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள்; மழைக்காலத்தில் கழற்றிவிடுங்கள். கோடையில் மாடியில் கறிவேப்பிலை, மிளகாய், பசலை போதும்.

கேள்வி: முருங்கை ஓங்கி வளர்கிறது. இலைதான், பூ இல்லை. (வாசுதேவநல்லூர் வாசகர்)

பதில்: வாய்க்கால் ஓரம் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தண்ணீரும் எருவும் அதிகமானால் இலையாகத்தான் போகும். மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டு, ஒரு மாதம் தண்ணீரைக் குறையுங்கள். தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சிகளை, மரம் ஏறும் முன்பே, தீப்பந்தத்தை லேசாகக் காட்டி ஒழிக்கலாம்.

கேள்வி: மிளகாய், கத்தரியில் இலை சுருளுகிறது, மாவு போலப் பூச்சி. மருந்து வாங்காமல் வழி உண்டா? (திருவேங்கடம் வாசகி)

பதில்: உண்டு. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை. வைகாசி, ஆனியில் வேப்பங்கொட்டை பொறுக்கி வைத்தால் வருஷத்துக்கும் ஆகும். முழுச் செடியும் சுருண்டு குட்டையாகிவிட்டால் அது நச்சுயிரி நோய். பிடுங்கி அழித்துவிடுங்கள், மருந்து கேட்காது.

இந்தப் பதினைந்து நாளில்

இந்த இதழ் கையில் கிடைக்கும்போது ஆவணி பிறந்திருக்கும். மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். ஒன்று, வீட்டில் தினமும் எத்தனை குடம் கழிவுத் தண்ணீர் வெளியே போகிறது என்று ஒரு வாரம் எண்ணுங்கள். அதுதான் உங்கள் கோடைத் தோட்டத்தின் அளவு. இரண்டு, அந்த அளவுக்கு வீட்டுக்குக் கிழக்கே இடம் குறித்து, நாலு மூலையிலும் குச்சி அடியுங்கள். மாசியில் மனம் தடுமாறினால் அந்தக் குச்சி ஞாபகப்படுத்தும். மூன்று, மேற்கே தட்டி.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. "தண்ணிய யாரு குடுப்பா?" என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று சொல்வேன்: ஐப்பசியில் வானம் கொடுக்கும், பங்குனியில் உங்கள் அங்கணம் கொடுக்கும், இரண்டுக்கும் ஏற்றபடி தோட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள் பாட்டி.

திருவேங்கடம் பக்கத்து அம்மா, அடுத்த சித்திரையில் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தோட்டம் எத்தனை அடி இருக்கிறது என்று வேண்டாம். அன்றைக்குக் குழம்பில் போட்ட காய், தோட்டத்தில் பறித்ததா, கடையில் வாங்கியதா என்று மட்டும் எழுதுங்கள்.